ராஜபாளையத்தை ரிங்கில் நிறுத்திக் காட்டுவது எப்படி

நாட்டு நாயை நாய்க் கண்காட்சிக்கு, அதாவது ஷோவுக்கு, கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் ஓட்டத்தைத்தான் பழக்குகிறார்கள். ராஜபாளையம் இன நாய்க்கு ஓடச் சொல்லித்தர வேண்டுமா என்ன? அது கோட்டை விடுவது நிற்கும்போதுதான், அதிலும் முன்பின் தெரியாத ஒரு ஆள் குனிந்து வாயைப் பார்க்கிற அந்த அரை நிமிடத்தில்.

வீட்டு ஆள் தவிர வேறு யார் தொட்டாலும் பிடிக்காத இனம் இது. காவலுக்கு நல்ல குணம், ஜட்ஜ் முன்னால் நாயைக் காட்டுகிற களமான ரிங்கில் அதுவே வினை. என் முதல் ஷோவில் ஜட்ஜ் கையை நீட்டியதும் என் கடுவன் உறுமக்கூட இல்லை, தோள்பட்டைத் தோல் லேசாக நடுங்கியது, அப்புறம் வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு என் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துவிட்டான். தப்பு அவன் மேல் இல்லை. 8 மாதம் வரை என்னைத் தவிர வேறு யாரையும் அவனைத் தொட விட்டதில்லை நான்.

அதனால் தடுப்பூசிகள் முடிந்த குட்டியிலிருந்தே தொடங்குங்கள். பால்காரர், பக்கத்து வீட்டு அண்ணன், கேஸ் கொண்டு வருகிறவர் என்று நாய்க்குப் பயப்படாத யார் வந்தாலும் கையில் ஒரு துண்டு வேகவைத்த ஈரலைக் கொடுத்து நிற்க வையுங்கள். முதலில் மோந்து பார்த்தால் போதும். பிறகு தாடைக்குக் கீழே தடவச் சொல்லுங்கள், அப்புறம் தோள், முதுகு, பின்னங்கால், கடைசியாகத்தான் உதடு. தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டு வர விடாதீர்கள். கடுவன் என்றால் விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று ஜட்ஜ் தொட்டுப் பார்ப்பார், அதையும் பழக்குங்கள், கூச்சப்பட்டு விட்டுவிட்டு அன்றைக்கு முழிக்க வேண்டாம்.

பல் காட்ட வாயைப் பிளக்கத் தேவையில்லை. ஒரு கையால் தாடையைத் தாங்கி, மறு கைக் கட்டைவிரலால் மேலுதட்டைக் கொஞ்சம் ஏற்றினால் முன்பற்கள் தெரியும். மேல்வரிசை கீழ்வரிசையை ஒட்டி, சற்று முன்னால் விழ வேண்டும், ஜட்ஜ் பார்ப்பது அதைத்தான். மூக்கை மட்டும் அழுத்தாதீர்கள், ஒருமுறை மூச்சு முட்டினால் அடுத்த முறை கையைக் கண்டதுமே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இன்னொன்று, குட்டிக்கு முதல் பாடமாக ‘உட்கார்’ சொல்லித் தராதீர்கள். அப்படிப் பழகிய நாய் ரிங்கில் ஈரலைக் கண்டதும் சமர்த்தாக உட்கார்ந்துவிடும், நாம் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ‘நில்’தான் முதல் சொல். முன்னங்கால்கள் தோளுக்கு நேர் கீழே, பின்னங்கால்கள் கணுவிலிருந்து தரை வரை செங்குத்தாக இருக்கட்டும். பாதத்தைப் பிடித்து நகர்த்தினால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும், முன்னங்காலை முழங்கையருகில் பிடித்து வையுங்கள். தொடக்கத்தில் 5 விநாடி போதும், மெல்ல மெல்ல 2 நிமிடத்துக்குக் கொண்டு வரலாம்.

சொல்லிப் பழக்கும் முன் காதையும் சோதித்துக்கொள்ளுங்கள். சில ராஜபாளையங்களுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, வெள்ளை நிறத்தோடு வருகிற குறை அது. குட்டி பார்க்காதபோது பின்னால் ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள்.

நடையில் கவனிக்க வேண்டியது வேகம். மெதுவாகப் போனால் ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து ஆட ஆரம்பிக்கும், விரட்டினால் பாயும், நடுவில் ஒரு சீரான ட்ராட், அதாவது குறுக்குக் கால்கள் ஜோடியாகப் போகிற ஓட்டநடை, இருக்கிறது. அதற்கு நீங்கள் எடுத்து வைக்கிற எட்டு எவ்வளவு நீளம் என்பதை யாரையாவது பக்கவாட்டில் நின்று மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்லித்தான் கண்டுபிடிக்க முடியும். நாய் இடப்பக்கம், ஜட்ஜ் நடுவில், நாய்க்கும் அவருக்கும் குறுக்கே நீங்கள் வரவே கூடாது. ஷோ லீட் என்கிற மெல்லிய கழுத்துக் கயிறு போதும், அதையும் தூக்கிப் பிடித்தால் முன்னங்கால் தரையில் சரியாகப் பாவாது. பழக்கமெல்லாம் வெயில் ஏறுவதற்குள், மண் தரையில்.

நகத்தை ஒரு வாரம் முன்பே வெட்டிவிடுங்கள், குளியல் முந்தின நாள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா பதிவுச் சான்றிதழ், மைக்ரோசிப் எண், தடுப்பூசி அட்டை மூன்றையும் இரவே பையில் வைத்துவிடுங்கள். காலையில் அரை வயிறு சாப்பாடு போதும், ஈரலுக்கு இடம் வேண்டுமே.