டிஸெபிலிட்டி பென்ஷன்: பழைய ராணுவக் காகிதம் கேட்பதில் நடக்கும் தவறுகள்

எங்கள் வேலூர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் வீடாவது இருக்கும். அங்கே பீரோவைத் திறந்தால் பத்திரத்துக்கும் மேலே, பாலித்தீன் உறைக்குள் டிஸ்சார்ஜ் புக், அதாவது படையிலிருந்து வெளியே வரும்போது கொடுத்த புத்தகம், இருக்கும். மனு எழுதிக் கொடுக்கப் போனால் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். "எல்லாம் இதுல இருக்கு, பாத்து எழுது தம்பி."

எல்லாம் அதில் இல்லை. சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, ரேங்க், மெடல், குடும்ப விவரம் இருக்கும். பணியால் வந்த ஊனத்துக்கும் நோய்க்கும் தரும் டிஸெபிலிட்டி பென்ஷன் கேஸ் நிற்பதும் விழுவதும் வேறு இரண்டு காகிதங்களில். ஒன்று, படையில் சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனை. மற்றொன்று, வெளியே வரும்போது ராணுவ டாக்டர்கள் குழு நடத்திய மெடிக்கல் போர்டு. இந்த இரண்டையும் படிக்காமல் மனு எழுதுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

பக்கத்து வீட்டு ஹவில்தார் பெரியப்பா அப்படித்தான் செய்தார். முழங்கால் அடியைப் பற்றி இரண்டு வருடம் மனு மேல் மனு. எந்த மலையில் விழுந்தார், எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று பக்கம் பக்கமாக. கடைசியில் மெடிக்கல் போர்டு நகலை வாங்கிப் பார்த்தால், முழங்கால் அடி பணியால் வந்ததுதான் என்று டாக்டர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் சதவீதம் 10. ஊனம் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் பென்ஷன் கிடையாது. அதே படிவத்தில் ரத்தக் கொதிப்புக்கு 30 சதவீதம் போட்டு, பணிக்குச் சம்பந்தமில்லை என்று எழுதியிருந்தார்கள். சண்டை போட வேண்டிய இடம் அது. அவர் ரத்தக் கொதிப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

அந்தப் படிவத்தின் பெயர் ஏஎஃப்எம்எஸ்எஃப்-16. முதலில் நாமே கொடுத்த வாக்குமூலம்: எங்கெங்கே வேலை பார்த்தோம், அது ஃபீல்டா (எல்லை, போர்முனைப் பகுதி) பீஸா (அமைதிப் பகுதி), சேருமுன் இந்த நோய் இருந்ததா. பின்னால் போர்டின் கருத்து: நோய் பணியால் வந்ததா, பணியால் மோசமானதா, இரண்டும் இல்லையா, காரணம் என்ன, எத்தனை சதவீதம். இரண்டும் இல்லை என்பதைச் சுருக்கி ஆங்கில எழுத்துகளில் எழுதுவார்கள். NANA; சேர்த்துப் படித்தால் 'நானா' என்று வரும். நோயை வரவழைத்தது யார், நானா என்று கேட்பது போலவே இருக்கும். பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது, உடல்வாகினால் வந்தது என்பவைதான் வழக்கமான காரணங்கள். சில படிவங்களில் காரணமே இருக்காது. அது நமக்குச் சாதகம்.

ஏனென்றால் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், ஆள் நல்ல உடம்போடுதான் வந்தார் என்று கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய்க்குப் பணி காரணமில்லை என்றால், அதைக் காரணத்தோடு நிரூபிப்பது அரசின் பொறுப்பு. முதல் நாள் காகிதத்தை நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

சரி, யாரிடம் கேட்பது? மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனுவை எழுதித் தருவார்கள், அனுப்பியும் வைப்பார்கள். காகிதம் அங்கே இருக்காது. ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் இணையதளத்தில் பிபிஓ என்ற பென்ஷன் உத்தரவைப் பார்க்கலாம், மெடிக்கல் போர்டைத் தேடிப் பயனில்லை. ஜவான், ஜேசிஓ (சுபேதார் போன்றவர்கள்) என்றால் அவரவர் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸ்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், எம்இஜி என்ற மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்கு பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், வண்டி, கருவிகளைப் பழுது பார்க்கும் இஎம்இ பிரிவுக்கு செகந்தராபாத். விமானப்படைக்கு தில்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்கூர்ட்.

சாதாரணக் கடிதம் போட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஆனால் "எனக்கு ஏன் பென்ஷன் தரவில்லை" என்று கேட்டால் ஒன்றும் வராது. அது தகவல் அல்ல, விளக்கம். "என் சர்வீஸ் ரெக்கார்ட் முழுவதும்" என்றாலும் இழுபறிதான். பெயர் சொல்லிக் கேளுங்கள்: சேர்க்கையின்போது எடுத்த மருத்துவப் பரிசோதனை, மெடிக்கல் போர்டு நடவடிக்கைகள் முழுவதும், காயமென்றால் இன்ஜுரி ரிப்போர்ட், விசாரணை நடந்திருந்தால் கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற அந்த விசாரணை அறிக்கை, பென்ஷன் மறுத்த கடிதம். காயம் லீவில் பட்டதா டியூட்டியிலா என்ற சண்டை இருந்தால் லீவு போன்றவற்றைப் பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டரில் அந்த மாதத்து நகலையும் சேருங்கள்.

ஆர்மி நம்பரை எழுதும்போது கடைசியில் வரும் ஆங்கில எழுத்தை விட்டுவிடாதீர்கள். நம் இனிஷியல் வேறு ஒரு தொல்லை. ஆதாரில் கே.முருகன், ராணுவத்தில் அப்பா பெயரும் சேர்ந்து முழு நீளத்துக்கு இருக்கும். டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கும் அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். கணவர் இறந்து மனைவி கேட்பதானால், இறப்புச் சான்றும் தன் பெயருள்ள பிபிஓவும் வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் மூன்றாம் நபர் விவரம் என்று திருப்பிவிடுவார்கள். எதற்கும் அசலை அனுப்பாதீர்கள்.

பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்கள் தள்ளிப்போடவே கூடாது. அவர்களுடைய காகிதங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். அழித்துவிட்டோம் என்று பதில் வந்தாலும் உடனே மடித்து வைத்துவிட வேண்டாம். எந்தத் தேதியில், எந்த உத்தரவில் அழித்தார்கள் என்ற பதிவைக் கேளுங்கள். லாங் ரோல் என்ற பெயர்ப் பதிவேடு நிரந்தரமாக இருக்கும், அதன் நகலையும் கேளுங்கள். வீட்டுப் பரணில் மிலிட்டரி ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது கிடைத்தால் அதற்கும் மதிப்பு உண்டு.

பென்ஷன் மறுப்புக் கடிதம் வந்தால் 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் போனால் இன்னொரு 6 மாதத்துக்குள் இரண்டாவது. அப்புறம் சென்னையிலேயே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. வருடம் பல கடந்திருந்தாலும் கதவு மூடியிருக்காது. மாதாமாதம் வர வேண்டிய பணம் என்பதால் வழக்கை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் தாமதமாகப் போனால் அரியர்ஸ் (பழைய பாக்கி) பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டுக்குத்தான். பெரியப்பா வெளியே வந்து 11 வருடம் ஆகியிருந்தது. மீதி 8 வருடத்துக் கணக்கை அவரே ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.