அளக்காமல் அழைக்காதீர்கள்: தொலைமருத்துவத்தில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

2019 நவம்பரில் மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி தொடங்கியதிலிருந்து, துணை சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தபடியே டாக்டரிடம் பேசுவது புதுமையாக இல்லை. தொலைமருத்துவம் தெரியுமா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஆனால் செவிலியருக்கு அது இன்னொரு டேட்டா என்ட்ரி. டாக்டருக்கோ அரைகுறை வைத்தியம். கீழே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டு நினைப்பிலிருந்து வருபவை. நெட் கட் ஆவது, மைக் ஆஃபில் இருப்பது எல்லாம் ஒரு வாரத்தில் தானே பழகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடலாம்.

அளக்காமல் இணைப்பது

எத்தனை பயிற்சி கொடுத்தாலும் ஒழியாத தவறு இதுதான். எரிச்சல் வருவதும் இதில்தான்.

9 மாதக் குழந்தை. திரையில் 'காய்ச்சல், இருமல், 2 நாள்' என்று வருகிறது. வெப்பநிலை, எடை, மூச்சு எண்ணிக்கை எல்லாக் கட்டமும் காலி. டாக்டர் பாராசிட்டமால் எழுதி அடுத்த டோக்கனுக்குப் போகிறார். அந்தக் குழந்தை அம்மா மடியில் நிமிடத்துக்கு 54 முறை மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. 2 மாதம் முதல் 12 மாதம் வரை 50-ஐத் தொட்டாலே வேகமான மூச்சு. இருமலோடு சேர்ந்தால் நிமோனியா என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 2 மாதத்துக்குள் என்றால் 60, 1 வயது முதல் 5 வயது வரை 40.

'வீடியோவில் டாக்டரே பார்த்துக்கொள்வார்' என்பது சாக்கு. சிக்னல் குறைந்தால் படம் உறைந்து உறைந்துதான் வரும், அதில் மூச்சை எண்ண முடியாது. பக்கத்தில் இருப்பவர்தான் எண்ண வேண்டும். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிற்றைப் பார்த்து, முழுதாக 1 நிமிடம் எண்ணுங்கள். குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு தப்பும். மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

பி.பி.யிலும் இதே கதை. பஸ் ஸ்டாப்பிலிருந்து வெயிலில் நடந்து வந்தவரை உட்கார வைத்த கையோடு சேலைத் துணி மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே அழுத்தினால் 160 காட்டத்தான் செய்யும். அந்த எண்ணை நம்பி டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார்; மறுவாரம் அந்த அம்மா தலைசுற்றி விழுவார். 5 நிமிடம் சாய்ந்து உட்காரட்டும். கால் மேல் கால் வேண்டாம், பேச்சு வேண்டாம். வெறும் கையில், இதய மட்டத்தில் வைத்து, 1 நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். கை பருமனாக இருந்து பட்டை சிறியதாக இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும்; பெரிய பட்டை இல்லையென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிமீட்டரை மாட்டியதும் வருகிற முதல் எண்ணை எழுதிவிடாதீர்கள். நெயில் பாலிஷும் சில்லிட்ட விரலும் அதை ஏமாற்றும். கருவி காட்டும் நாடித்துடிப்பும் மணிக்கட்டில் நீங்கள் எண்ணுவதும் ஒத்துப்போகாவிட்டால் அந்த ஆக்ஸிஜன் அளவுக்கும் மதிப்பில்லை. விரலை மாற்றுங்கள்.

எல்லாம் சேர்த்து 10 நிமிடம் ஆகும். வெளியே இருபது பேர் நிற்கும்போது 10 நிமிடம் பெரிதுதான். அதனால் டோக்கன் எடுக்கும் முன்பே, காத்திருக்கும் நேரத்தில் அளந்து முடியுங்கள். டாக்டர் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது: கட்டம் காலியாக இருந்தால் மருந்து எழுதாமல், அளந்துவிட்டு வரச் சொல்லித் திருப்புங்கள். இரண்டு முறை திருப்பினால் மூன்றாவது முறை நிரம்பி வரும்.

'5 மி.லி. கொடுங்க'

எந்தப் பாட்டிலில்? பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ளதும் விற்கிறது, 250 மி.கி. உள்ளதும் விற்கிறது. சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கே 100 மி.கி. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்று பார்த்தால், 8 கிலோ குழந்தைக்கு 80 முதல் 120 மி.கி. போதும். முதல் சிரப்பில் 5 மி.லி. சரி. இரண்டாவதில் 2 மி.லி. போதும். சொட்டு மருந்தில் 5 மி.லி. போனால் 500 மி.கி.! வீட்டில் இருக்கும் பாட்டிலைக் கேமரா முன் காட்டச் சொல்லுங்கள்; லேபிளைப் படித்துவிட்டு அளவு சொல்லுங்கள்.

'ஏற்கெனவே பார்த்த ஆள்தானே'

2020 மார்ச் 25-இல் வந்த மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளின்படி, கடைசியாகப் பார்த்து 6 மாதம் தாண்டினால் அவர் மீண்டும் முதல்முறை நோயாளி. வேறு நோயோடு வந்தாலும் அப்படித்தான். முதல்முறையை வெறும் போன் பேச்சில் முடித்தால், எழுதக்கூடியது பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். போன்ற சீட்டில்லாமல் கிடைக்கும் மருந்துகள் மட்டும். அந்த நெறிமுறைகள் பட்டியல் 'ஏ' என்று பிரித்த மருந்துகளை முதல்முறையிலேயே எழுத வீடியோ வேண்டும். பட்டியல் 'பி' மருந்துகள், அதே நோய்க்கான தொடர் சிகிச்சைக்கு மட்டும்.

வலி மாத்திரை

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வரும் வலி மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதக் கூடாது. டிரமடால் 2018-லேயே அதற்குள் வந்துவிட்டது. தெரியாமல் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சம்மதம்

நோயாளியே அழைத்தால் அதுவே சம்மதம். நீங்கள் அழைத்தால் கேட்டுப் பதியுங்கள்.

புண்ணின் போட்டோ

ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். எந்த உறுப்பு என்று தெரியும்படி தள்ளி நின்று ஒன்று, கிட்டத்தில் ஒன்று. பக்கத்தில் ஸ்கேல் வைத்தால் அளவு தெரியும். அனுப்பியதும் சொந்த போன் கேலரியிலிருந்து அழித்துவிடுங்கள். 'அண்மையில் நீக்கியவை'யில் கிடப்பதையும் சேர்த்து.