இங்கிலாந்து போற நம்ம ஊர் பிள்ளைகளுக்கு: ஆன்லைன்ல வாங்குன சாமானைத் திருப்பிக் குடுக்கத பத்தி

பாளையங்கோட்டை, தென்காசி, அம்பை, வள்ளியூர்னு நம்ம பக்கத்துல இருந்து படிக்கவும் நர்ஸ் வேலைக்கும் இங்கிலாந்து போற பிள்ளைகள் நெறைய பேரு மகாராஜ நகர்ல எங்க வீட்டுக்கு ஒரு நடை வந்துட்டுத்தான் கெளம்புவாவ, நான் அங்க கொஞ்ச காலம் இருந்துட்டு ஊருக்கே வந்தவங்கிறதால. பெட்டியில எத்தனை கிலோ பொடி வைக்கலாம், குளிருக்கு எந்த மாதிரி கோட் எடுக்கணும்னு எல்லாம் கேப்பாவ. ஆன்லைன்ல வாங்குன பொருள் சரியில்லன்னா என்ன செய்யணும்னு மட்டும் யாரும் கேக்க மாட்டாவ, அங்க போய் எறங்குன பொறவு வாட்சப்ல "அத்தே, இப்படி ஆயிட்டு, விட்டுரவா"ன்னு வரும். விட்டுராதீங்க. மொத சம்பளம் வாரதுக்கு முன்னால 40 பவுண்டுங்கிறது சின்ன காசு இல்ல, அதுவும் நகைய அடகு வச்சு அனுப்புன வீட்டுப் பிள்ளைக்கு.

நம்மளுக்கு இதுல பெரிய தடை கூச்சம்தான். டவுன் ரதவீதியில சேலை எடுத்தாலும் சரி, ஜங்ஷன்ல பாத்திரம் எடுத்தாலும் சரி, பில்லுக்கு அடியில "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது"ன்னு அச்சடிச்சிருக்கதைப் பாத்தே வளந்துட்டோம், மாத்திக் கேக்கணும்னா கடைக்காரருக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போவோம். அங்க அது வேண்டாம். திருப்பிக் குடுக்கது சட்டம் குடுத்த உரிமை, யார்ட்டயும் தயவு கேக்கல, கெஞ்ச வேண்டியதும் இல்ல. ஆனா எல்லாத்துக்கும் நாள் கணக்கு உண்டு, "லீவு நாள்ல பாத்துக்கிடலாம்"னு தள்ளிட்டே போனா அந்த உரிமை கையை விட்டுப் போயிரும்.

மொதல்ல, பொருள்ல ஒரு குறையும் இல்ல, ஆனா நமக்கு வேண்டாம். அளவு சேரல, கலர் பிடிக்கல, வேற எடத்துல கொறைஞ்ச விலைக்குப் பாத்துட்டீங்க, எதுவா வேணா இருக்கட்டும். 2013-ல வந்த கன்ஸ்யூமர் காண்ட்ராக்ட்ஸ் ரெகுலேஷன்ஸ்னு ஒரு சட்ட விதி இருக்கு, அதுபடி ஆன்லைன்ல வாங்குன பொருள் கைக்கு வந்த மறுநாள்ல இருந்து 14 நாளுக்குள்ள வேண்டாம்னு சொல்லிரலாம், காரணம் சொல்லவே வேண்டாம். சொன்னதுல இருந்து திருப்பி அனுப்ப இன்னொரு 14 நாள். பொருள் அவங்க கைக்குப் போய்ச் சேந்ததுல இருந்தோ, அனுப்பிட்டேன்னு நீங்க ஆதாரம் குடுத்ததுல இருந்தோ, எது முந்தி வருதோ அதுல இருந்து 14 நாளுக்குள்ள காசு திரும்பி வரணும். நீங்க கட்டுன சாதாரண டெலிவரி சார்ஜும் சேந்து வரணும், நாளைக்கே வேணும்னு கூடுதலா கட்டுன காசு மட்டும் வராது. எந்தக் கார்டுல கட்டுனீங்களோ அதுக்கேதான் வரணும், உங்க சம்மதம் இல்லாம வவுச்சரைக் குடுத்து அனுப்ப முடியாது. திருப்பி அனுப்புற தபால் செலவு பெரும்பாலும் நம்ம கைக்காசுதான், ஆனா அதை வாங்கும்போதே அவங்க சொல்லி இருக்கணும், சொல்லலன்னா அவங்கதான் ஏத்துக்கிடணும். இப்படி 14 நாள் உரிமை உண்டுன்னே சொல்லாம வித்திருந்தா அந்தக் கெடு 12 மாசம் வரைக்கும் நீளும்.

நேரா கடைக்குள்ள போய் எடுத்த பொருளுக்கு இந்த 14 நாள் சட்டத்துல கெடையாது, கடைக்காரங்க மாத்திக் குடுத்தா அது அவங்க வச்சிருக்க வழக்கம். அதனால கோட், பூட்ஸ் மாதிரி சேருமா சேராதான்னு தெரியாத சாமானை ஆன்லைன்ல வாங்குறது ஒரு வகையில நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன்.

பேரு பொறிச்சு வாங்குனது, அளவு குடுத்து தைக்கச் சொன்னது, சீக்கிரம் கெட்டுப்போற சாப்பாட்டுச் சாமான், சுகாதாரத்துக்காக சீல் வச்சு வந்து நாம பிரிச்சுட்ட கம்மல் மேக்கப் எல்லாம் வேண்டாம்னு திருப்ப முடியாது. குறையோட வந்தா அதையும் திருப்பலாம்.

இனி குக்கர் விசயம், இது அடிக்கடி வாரது. வாடகை வீட்டுல இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தா அடி மாத்தாத சாதா அலுமினிய குக்கர் சூடே ஏறாது. லெஸ்டர்ல இருந்து ஒரு பிள்ளை கூப்பிட்டுச்சு, புதுசா வந்த 3 லிட்டர் குக்கரை அடுப்புல வச்சா அடுப்பு பீப் பீப்னு கத்திட்டு தானா அணைஞ்சிருது, என்னத்தே செய்யன்னு. ஆர்டர் பேஜ்ல இண்டக்‌ஷனுக்கு ஆகும்னு போட்டிருந்துச்சாட்டின்னு கேட்டேன், போட்டிருக்குன்னா. ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி இருக்க காந்தத்தை எடுத்து குக்கர் அடியில வைன்னேன், வச்சா, வழுக்கி கீழ விழுது. அப்ப இது வேண்டாம்ங்கிற கணக்கே இல்ல, சொன்ன மாதிரி இல்லாத பொருள், குறையுள்ள பொருள் கணக்குல வரும், திருப்பி அனுப்புற செலவும் வித்தவங்களோடது. அந்த பேஜை அப்பவே ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொன்னேன், ஏன்னா கம்ப்ளைண்ட் போன பொறவு அந்த வரியை மாத்திருவாவ, காந்தம் விழுறதையும் வீடியோ எடுத்து வச்சா. காசு முழுசா வந்துட்டு. இதே குக்கர்ல இண்டக்‌ஷன்னு ஒண்ணும் எழுதாம இருந்து நாமளே கவனிக்காம வாங்கி இருந்தா வெறும் வேண்டாம் கணக்குதான், அதுலயும் ஒரு தடவை பருப்பு வேக வச்சுட்டா மதிப்பு கொறைஞ்சுட்டுன்னு காசைப் பிடிக்கலாம். கடையில கையில எடுத்துப் பாக்க அளவுக்குப் பாக்கலாம், அதுக்கு மேல புழங்குனா பிடித்தம் உண்டு. அதனால புதுப் பாத்திரம் வந்தா காந்தத்தை வச்சுப் பாத்துட்டு அப்புறம் கழுவுங்க, அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் அன்னைக்கே குப்பையில போட்டுராதீங்க.

குறையுள்ள பொருளுக்குத் தனிச் சட்டம், 2015-ல வந்த கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட். பொருள் கைக்கு வந்து 30 நாளுக்குள்ள குறை தெரிஞ்சா ரிப்பேர் பாப்போம், வேற அனுப்புவோம்னு எதையும் நீங்க ஒத்துக்கிட வேண்டாம், பொருளை ரிஜெக்ட் பண்ணுதேன், முழுக் காசும் வேணும்னு கேக்கலாம். 30 நாள் தாண்டிட்டா ரிப்பேரோ மாத்தித் தாரதோ ஒரு வாய்ப்பு அவங்களுக்குக் குடுக்கணும், அதுலயும் சரியாகலன்னா காசைத் திருப்பிக் கேக்கலாம், இல்ல பொருளை வச்சுக்கிட்டு விலையில கழிச்சுத் தரச் சொல்லலாம். மொத 6 மாசத்துக்குள்ள கெட்டுப்போனா அந்தக் குறை விக்கும்போதே இருந்ததாத்தான் சட்டம் எடுத்துக்கிடும், இல்லன்னு காட்ட வேண்டியது வித்தவங்க பொறுப்பு. 6 மாசத்துக்கு அப்புறம் குறை முதல்ல இருந்தே இருந்துச்சுன்னு நாமதான் காட்டணும், புழங்குன காலத்துக்குக் கொஞ்சம் கழிக்கவும் செய்யலாம். வழக்குக்குப் போக இங்கிலாந்துல 6 வருசம், ஸ்காட்லாந்துல 5 வருசம்.

இதுல எல்லாரும் மயங்குற எடம் ஒண்ணு உண்டு. மிக்ஸி மோட்டார் போயிட்டுன்னு வித்தவங்களுக்கு எழுதுனா "தயாரிச்ச கம்பெனி வாரண்டி இருக்கு, அங்க கேளுங்க"ன்னு பதில் வரும், நம்ம பிள்ளையும் சரின்னு கம்பெனிக்கு மெயில் போட்டு, அவங்க வேற ஒரு ஊர் சர்வீஸ் சென்டரைக் காட்டி, அதுலயே மாசம் ஓடிரும். நீங்க காசு குடுத்தது யாருக்கோ பொறுப்பும் அவங்களுக்குத்தான். வாரண்டிங்கிறது அதுக்கு மேல கூடுதலா கெடைக்கது, சட்டத்துக்குப் பதிலா இல்ல.

போன்ல பேச பயந்தா பேசவே வேண்டாம், எழுதுறதுதான் நல்லது, எழுத்து நிக்கும். ஆர்டர் நம்பர், பொருள் வந்த தேதி, என்ன குறை, என்னைக்குத் தெரிஞ்சுது, உங்களுக்கு என்ன வேணும், எந்த வருசத்துச் சட்டம், இவ்வளவும் நாலு வரியில வந்துட்டா போதும், போட்டோவையும் சேத்து அனுப்பிருங்க. சாட்ல பேசுனா மூடுறதுக்கு முன்னால அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க.

திருப்பி அனுப்புறது சுலபம்தான். அவங்க அனுப்புற லேபிளை பிரிண்ட் எடுத்து ஒட்டணும், இல்ல கியூஆர் கோடைக் காட்டுனா கடையிலயே ஒட்டித் தருவாவ. பார்சல் வாங்குற எடம் போஸ்ட் ஆபீசா இருக்கும், தெருமுனைக் கடையா இருக்கும், லாக்கரா இருக்கும். தெருமுனைக் கடைகள்ல பல கடையை இலங்கைத் தமிழாளுகதான் நடத்துதாவ, அங்க நம்ம பிள்ளைகளுக்குப் பேச்சுக்கூட லேசாயிரும். பேச்சு சுவாரசியத்துல மறந்துராதீங்க, உங்க கண்ணு முன்னால பார்சலை ஸ்கேன் பண்ணணும், டிராக்கிங் நம்பர் உள்ள சீட்டு கைக்கு வரணும். போஸ்ட் ஆபீஸ்னா அனுப்புனதுக்கு ரசீது கேட்டா காசு வாங்காமலே தருவாவ. வந்து சேரலன்னு பொறவு சொன்னா உங்க கையில இருக்கது அந்தச் சீட்டு ஒண்ணுதான், காசு வாரது வரைக்கும் பத்திரமா வச்சிருங்க.

பார்சல் உங்க கைக்கே வராம போனா அதுவும் வித்தவங்க பொறுப்புதான். வாசல்ல வச்சோம்னு போட்டோ அனுப்புவாவ, அது உங்க வாசலே இல்லாமகூட இருக்கும். கூரியர்காரங்களைப் போய்க் கேளுங்கன்னு சொல்லுவாவ, நீங்க கேக்க வேண்டாம், உங்க கைக்கு வந்து சேர வரைக்கும் பொருளுக்குப் பொறுப்பு அவங்கதான்னு 2015 சட்டத்துலயே இருக்கு. ஆனா ஆர்டர் போடும்போது "பக்கத்து வீட்டுல குடுங்க", "பின்னால ஷெட்ல வையுங்க"ன்னு நீங்களே எழுதிட்டா அங்க வச்சதும் குடுத்த கணக்கு ஆயிரும். பல பேரு சேந்து இருக்க வாடகை வீட்டுல இருக்கவங்க அந்தக் கட்டத்தை நெரப்பாம விடுறதுதான் நல்லது.

கடைக்காரங்க பதிலே சொல்லலன்னா அடுத்த வழி கார்டு. கிரெடிட் கார்டுல 100 பவுண்டுக்கு மேல 30,000 வரைக்கும் விலை உள்ள பொருளுக்கு, 1974-ல வந்த கன்ஸ்யூமர் கிரெடிட் ஆக்ட் செக்‌ஷன் 75-படி பேங்கும் சேந்து பொறுப்பு. புதுசா போனவங்களுக்குப் பெரும்பாலும் டெபிட் கார்டுதான் இருக்கும், அதுக்கு சார்ஜ்பேக், அதாவது கார்டுல கட்டுன காசை பேங்க் மூலமா திரும்ப வாங்கித் தரச் சொல்லி, பேங்க்ல கேக்கலாம், அது சட்டம் இல்ல, கார்டு கம்பெனி விதி, கெடு பெரும்பாலும் 120 நாள். பேபால்ல கட்டியிருந்தா 180 நாளுக்குள்ள அவங்கள்ட்டயே தகராறு போடலாம். பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணுங்க, விலை கொறைச்சுத் தாரேன்னு எவனாவது சொன்னா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதீங்க, காசு போனா பிடிக்கது ரொம்பக் கஷ்டம். பெரிய சைட்லயே வாங்குனாலும் விக்கிறது யாருன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும், அதைப் படிங்க. கடை இல்லாம தனி ஆள் அவரு பழைய சாமானை விக்காருன்னா இந்த 14 நாளும் இல்ல, 30 நாளும் இல்ல, சொன்ன மாதிரி பொருள் இருக்கணும்ங்கிறது மட்டும்தான். என்ன செய்யன்னே தெரியலன்னா சிட்டிசன்ஸ் அட்வைஸ்னு ஆலோசனை சொல்லுற அமைப்போட கன்ஸ்யூமர் லைனுக்கு 0808 223 1133-ல கூப்பிடுங்க, காசு கெடையாது.

கடைசியா, அங்க இருந்துக்கிட்டே ஊர்ல அப்பா அம்மாவுக்கு மிக்ஸி, போன், பிரஷர் மெஷின்னு ஆர்டர் போடுற பிள்ளைகளுக்கு. நம்ம நாட்டுல காரணம் இல்லாம திருப்ப இந்த மாதிரி பொதுவான 14 நாள் சட்டம் இல்ல, அந்தந்த சைட்டு விதிதான், போன்களுக்குப் பலதுல மாத்தித் தாரது மட்டும்தான், வாங்குறதுக்கு முன்னால அதைப் பாத்துக்கிடுங்க. குறையுள்ள பொருளுக்கு அப்படி இல்ல. பில்லுல போட்டிருக்க கெடுவுக்குள்ளயோ, கெடு ஒண்ணும் போடலன்னா 30 நாளுக்குள்ளயோ குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதுலயும் தீரலன்னா நம்ம மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே மனு போடலாம், கம்பெனி பெங்களூர்ல இருந்தாலும் நாம குடியிருக்க ஊர்ல போட 2019 சட்டம் எடம் குடுத்திருக்கு, 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணமும் இல்ல. வயசான அப்பாம்மாட்ட ஒண்ணு மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி வையுங்க: ஓப்பன் பாக்ஸ் டெலிவரின்னா டெலிவரி தம்பி வாசல்ல அவசரப்பட்டாலும் பெட்டியைப் பிரிச்சு உள்ள என்ன இருக்குன்னு கண்ணால பாத்த பொறவுதான் ஓடிபி சொல்லணும், பிரிக்கும்போது பேரனோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ போன்ல வீடியோ எடுக்கணும், பெட்டி மேல இருக்க லேபிள் தெரியுற மாதிரி தொடங்கி நடுவுல நிறுத்தாம.