கருவிப் பலகை: எங்கெல்லாம் பிசகுகிறது, ஏன்?

தச்சுப் பட்டறைச் சுவரில் மாட்டும் கருவிப் பலகை பார்வைக்குச் சின்ன வேலை. ஒரு பிளைவுட் துண்டு, நாலு ரீப்பர் (ஒல்லியான மரச்சட்டம்), ஒரு பிடி ஸ்க்ரூ இருந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் மாட்டிச் சில மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள், பாதிக் கருவி பழையபடி மேசைமேல்தான் கிடக்கும். கருவிக்கு அளவெடுத்திருப்பார்கள், அதை எடுக்கும் கைக்கு எடுத்திருக்க மாட்டார்கள். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

உளி வரிசை

அதிகம் பிசகும் இடம் இதுதான். உளிப் பிடியின் விட்டம் 30 மி.மீ. என்றால், 35 மி.மீ.க்கு ஓர் உளி என்று நெருக்கி அடுக்கினால் நிறைய கொள்ளும் எனக் கணக்குப் போடுவார்கள். கொள்ளும்தான். ஆனால் பிடிகளுக்கு நடுவே விரல் போகாது. ஒன்றை எடுத்தால் பக்கத்திலிருப்பதும் சேர்ந்து எழும்பும். இரண்டு பிடிகளுக்கு இடையே 25 மி.மீ.யாவது வேண்டும். அதாவது ஓர் உளியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 55 மி.மீ. எட்டு உளி மாட்ட, இரு ஓரமும் சேர்த்து, உளிகளைத் தாங்கும் சட்டத்தின் நீளம் சுமார் 45 செ.மீ. வரும். இவ்வளவு இடம் இல்லையென்றால் இரண்டு வரிசையாகப் போடுங்கள், நெருக்க வேண்டாம்.

அடுத்தது, மூடிய துளை. துளைக்குள் இறக்கிய உளியை வெளியே எடுக்க, தகடு முழுவதும் மேலே வந்தாக வேண்டும். தகடு 13 செ.மீ. என்றால் பிடியின் தலைக்கு மேல் 20 செ.மீ. காலியாக இருக்க வேண்டும், பிடித்திருக்கும் கைக்கும் இடம் வேண்டுமே! இதைக் கவனிக்காமல் மேலேயே ஒரு தட்டு அடித்துவிட்டால், ஒவ்வொரு முறையும் உளியைச் சாய்த்துத்தான் உருவ வேண்டியிருக்கும். தீட்டி வைத்த கூர் துளையின் விளிம்பில் உரசி மழுங்கும்.

முன்பக்கம் திறந்த வெட்டு இதற்கு மாற்று. உளியின் கழுத்து நுழைய 15 மி.மீ. அகலம் போதும். பிடி மேலே தங்கிக்கொள்ளும், எடுக்கும்போது நேராக முன்னால் இழுத்தால் வந்துவிடும். இதில் வேறொரு சிக்கல் உண்டு. 50 மி.மீ. அகலச் சட்டத்தில் 30 மி.மீ. ஆழத்துக்கு வெட்டினால், வெட்டுகளுக்கு நடுவே சீப்புப் பல் மாதிரி துண்டுகள் நிற்கும். மரத்தின் ரேகை சட்டத்தின் நீளவாக்கில் ஓட, பல்லோ அதற்குக் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு பல்லையும் தாங்குவது குட்டை நார்தான். 35 மி.மீ. கணக்கில் நெருக்கி வெட்டியிருந்தால் பல்லின் அகலம் 20 மி.மீ.தான், கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) கைதவறிப் பட்டாலே அடியோடு தெறித்துவிடும். 55 மி.மீ. கணக்கில் பல் 40 மி.மீ. இருக்கும், தாங்கும். கட்டை மரத்துக்குப் பதில் 18 மி.மீ. பிளைவுட் போட்டால் இந்தக் கவலையே இல்லை, அதில் அடுக்குக்கு அடுக்கு ரேகை திசை மாறி மாறி இருக்கும். திறந்த வெட்டிலிருந்து உளி தானாக வழுக்கி வராமலிருக்க, சட்டத்தைச் சுவர்ப்பக்கம் 5 டிகிரி சாய்த்து அடிக்க வேண்டும். மட்டமாக அடித்துவிட்டு, மேசையில் நாலு தட்டு தட்டியதும் உளி காலில் விழுகிறதே என்று நொந்துகொள்வதில் பயனில்லை.

கீழே தொங்கும் உளியின் கூர்முனையை அப்படியே விடுவதும் தவறு. குனிந்து நிமிரும்போது முழங்கையோ நெற்றியோ படுகிற உயரம் அது. மூடிய துளைச் சட்டமென்றால் 4 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்றை முன்னால் மறைப்பாக அடித்தால் போதும். அடிப்பக்கத்தை மட்டும் மூடிவிடாதீர்கள். பெட்டி மாதிரி மூடினால் உள்ளே தூள் சேரும், தூள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், துரு முதலில் கூரில்தான் பிடிக்கும்.

காந்தப் பட்டை வாங்கி உளியை ஒட்டவைக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. பார்க்க அழகுதான், உளிக்கு ஆகாது. ஒட்டும்போதும் பிரிக்கும்போதும் கூர் பட்டையில் இடிக்கிறது. உளியிலும் காந்தம் ஏறி, தீட்டும்போது வரும் இரும்புத் தூள் நுனியிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஸ்பேனர், டிரில் பிட் வைக்க அந்தப் பட்டை நன்றாக உதவும்.

இழைப்புளியும் மற்றவையும்

நாலாம் நம்பர் இரும்பு இழைப்புளி சுமார் 1.7 கிலோ இருக்கும். அதை ஆணியில் தொங்கவிடக் கூடாது, தட்டையான தட்டில் தகடு மரத்தில் பட உட்காரவைக்கவும் கூடாது. செங்குத்திலிருந்து 15 முதல் 20 டிகிரி சாய்ந்த ஒரு பலகை, அடியில் 20 மி.மீ. உயரத் தடுப்பு, இரு பக்கமும் பிரிப்புச் சட்டம். இழைப்புளியைவிட அறை 10 மி.மீ. அகலமாக இருந்தால் சரி. பலரும் விட்டுவிடுவது சாய்பலகையின் மேல்பகுதியில் குறுக்கே ஒட்ட வேண்டிய ஒரு நூல் (சுமார் 3 மி.மீ.) கனப் பட்டையை. இழைப்புளியின் முன்முனை அதன்மேல் தங்கும்போது அடிப்பரப்பு தூக்கி நிற்கும், தகட்டின் கூர் எதிலும் படாது. இந்தப் பட்டை இல்லையென்றால், வைக்கும்போதெல்லாம் தகட்டை உள்ளே இழுத்துவிட்டு, எடுத்ததும் மறுபடி சரிசெய்ய வேண்டும். யாரும் அதைச் செய்யப்போவதில்லை.

கைரம்பத்தை ஒற்றை ஆணியில் மாட்டினால் அது ஆடும், பற்கள் பக்கத்துக் கருவியில் உரசும். பிடியின் ஓட்டைக்குள் பொருந்துகிற மாதிரி ஒரு கட்டை செதுக்கி, முன்னால் சுழலும் சிறு தாழ்ப்பாள் வையுங்கள். சுத்தியலுக்கு இரண்டு முளைகள், 5 டிகிரி மேல்நோக்கி. திருப்புளிக்குத் தண்டைவிட 2 மி.மீ. பெரிய துளை. மூலைமட்டத்தை மட்டும் எதனோடும் இடிக்காத தனி மூலையில் வைக்க வேண்டும். ஒருமுறை கீழே விழுந்த மூலைமட்டத்தைச் சோதிக்காமல் நம்ப முடியாது.

சுவர்

4 அடிக்கு 3 அடி, 18 மி.மீ. பிளைவுட் பலகை மட்டுமே சுமார் 12 கிலோ வரும். கருவிகளோடு சேர்ந்தால் 25 கிலோவைத் தொடும். இதை 50 மி.மீ. ஸ்க்ரூவில் மாட்டுவது வழக்கமான தவறு. கணக்குப் பாருங்கள்: பலகை 18, சிமெண்ட் பூச்சு 15, ஆக 33 மி.மீ. போனால் செங்கல்லுக்குள் இறங்குவது வெறும் 17 மி.மீ. பூச்சு எடையைத் தாங்காது, உதிர்ந்துவிடும். செங்கல்லில் 40 மி.மீ.யாவது இறங்க 75 மி.மீ. ஸ்க்ரூ வேண்டும். துளையும் அதே ஆழத்துக்குப் போய், உள்ளே தூளை ஊதி எடுத்த பிறகுதான் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழல்) அடிக்க வேண்டும். தூள் நின்றால் பிளக் முழுதாக இறங்காது. செங்கல் இணைப்பிலும் துளை போடாதீர்கள், பிளக் சுழலும்.

பலகையைச் சுவரோடு ஒட்ட அடிப்பது அதைவிட மோசம். வடகிழக்குப் பருவமழையில் வெளிச்சுவர் ஈரம் கோக்கும், கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். முதலில் 20 மி.மீ. கன ரீப்பர்களை நெட்டுவாக்கில் சுவரில் அடித்து, அவற்றின்மேல் பலகையை 35 மி.மீ. ஸ்க்ரூவால் பூட்டினால் பின்னால் காற்று ஓடும். ஸ்க்ரூவின் கணக்கு இங்கேயும் அதுதான்: ரீப்பர் 20, பூச்சு 15, செங்கல் 40. அந்தச் சுவரில் ஏற்கெனவே உப்புப் பூத்திருந்தால் வேறு சுவர் பாருங்கள்.

உயரமும் முக்கியம். மேசையின் மேல்பரப்புக்கும் பலகையில் தொங்கும் கடைசிக் கருவிக்கும் இடையே 30 செ.மீ. விடாவிட்டால், நீளப் பலகையைத் திருப்பும்போதெல்லாம் எதையாவது தட்டிவிடுவீர்கள். ரம்ப மெஷினுக்குப் பின்சுவரில் மட்டும் மாட்டவே கூடாது. ஓடும் ரம்பத்துக்கு மேலாகக் கை நீட்ட வேண்டி வரும்.

மரம்

மிச்சம் கிடக்கும் துண்டுகளில் செய்வது தப்பில்லை, எந்த மிச்சம் என்பதுதான் விஷயம். மாமரமும் பதப்படுத்தாத ரப்பர் மரமும் வண்டுக்குப் பிரியமானவை, சட்டம் உளுத்துத் தூளாகக் கொட்டும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஓரத்தில் ஸ்க்ரூ போட்டால் பிளக்கும், ஈரத்தில் உப்பும். காயாத மரத்தில் இன்று கச்சிதமாக வெட்டிய துளை காய்ந்ததும் அளவு மாறும், அதன் ஈரம் இரும்பையும் அரிக்கும். நன்கு காய்ந்த தேக்கு ரீப்பரும் நல்ல பிளைவுட்டும் போதும். வெட்டுகளின் உள்பக்கம் வார்னிஷ் கனமாகப் பூச வேண்டாம், வெயில் காலத்தில் பிடி ஒட்டிக்கொள்ளும்.

வெட்டத் தொடங்கும் முன் கருவிகளை ஓர் அட்டைமேல் பரப்பி, கையால் எடுத்து எடுத்து வைத்துப் பார்த்துக் கோடு போடுங்கள். நாலில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள், அடுத்த வருடம் வாங்கப்போகும் கருவிக்கு. ஒவ்வொரு தாங்கியையும் பலகையில் இரண்டு ஸ்க்ரூவால் மட்டும் பூட்ட வேண்டும். ஃபெவிகால் போட்டால், இடம் மாற்ற நினைக்கிற அன்று தாங்கியோடு பிளைவுட்டின் மேல் அடுக்கும் உரிந்து வந்துவிடும்.