பழைய மாணவர்களின் உதைபந்தாட்ட வாழ்வை ஒப்பிடும் முறை

நூற்றாண்டு மலரோ கௌரவிப்பு விழாவோ, "எங்கள் பாடசாலை தந்த சிறந்த உதைபந்தாட்ட வீரர்கள்" என்று பழைய மாணவர் சங்கம் பட்டியல் போடத் தொடங்கினால் கிளிநொச்சியானாலும் முல்லைத்தீவானாலும் மன்னாரானாலும் தகராறு ஒன்றுதான். ஒருவர் கோல் எண்ணிக்கையைச் சொல்வார். இன்னொருவர் கொழும்புக் கழகத்தின் பெயரைச் சொல்வார். மூன்றாமவர் எத்தனை வருடம் ஆடினார் என்பதைச் சொல்வார். மூவரும் மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். ஆகவே முதலில் கேள்வியைப் பிரியுங்கள். உச்சத்தில் இருந்தபோது யார் சிறந்தவர்? நீண்ட காலம் நின்று ஆடியவர் யார்? மொத்தத்தில் அதிகம் சேர்த்தவர் யார்? ஒன்றைத் தெரிந்து தாளின் தலைப்பில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றும் வேண்டுமென்றால் மூன்று பட்டியல் போடுங்கள், ஒரு பட்டியலுக்குள் கலக்காதீர்கள்.

முறையைப் பழகுவதற்கு ஊர்ப் பெயர்களை எடுக்கவேண்டாம். அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டத்தை எடுங்கள். அது நாம் ஆடும் ஆட்டம் அல்ல, றக்பிக்குக் கிட்டியது. ஆனால் அங்குள்ள பல்கலைக்கழகங்களின் பழைய மாணவர்கள் தொழில்முறை லீக்கான என்எப்எல்லில் ஆடிய போட்டிகள் ஒன்றுவிடாமல் பொதுவில் பதிவாகியிருக்கின்றன. புரோ ஃபுட்போல் ரெபரன்ஸ் என்ற இணையத்தளம் பல்கலைக்கழக வாரியாகவே வீரர்களைப் பிரித்துக் காட்டும். அந்தப் பெயர்களில் நமக்குச் சொந்தக்காரரோ வகுப்புத் தோழரோ இல்லை, அதனால் மனம் ஒரு பக்கம் சாயாது.

பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் நல்ல பயிற்சிக் களம். அங்கிருந்து வந்த மூன்று ஓட்டக்காரர்களைப் பாருங்கள். பந்தைக் கையில் ஏந்தி ஓடி எத்தனை யார் தூரம் முன்னேறினார்கள் என்பதே கணக்கு (1 யார் 0.91 மீற்றர்).

ரோனி டோர்செற்: 1977–1988, 173 போட்டிகள், 2,936 ஓட்டங்கள், 12,739 யார்.
கேர்ட்டிஸ் மார்ட்டின்: 1995–2005, 168 போட்டிகள், 3,518 ஓட்டங்கள், 14,101 யார்.
லெஷோன் மக்கோய்: 2009–2020, 170 போட்டிகள், 2,457 ஓட்டங்கள், 11,102 யார்.

மொத்தத்தில் மார்ட்டின் முதலாவது, மக்கோய் கடைசி. ஓர் ஓட்டத்துக்கு எத்தனை யார் என்று பிரித்தால் மக்கோய் 4.5, டோர்செற் 4.3, மார்ட்டின் 4.0. முதலாமவர் கடைசிக்குப் போய்விட்டார், கடைசியாமவர் முதலுக்கு வந்துவிட்டார். எண்கள் இரண்டும் சரியானவைதான். மார்ட்டினிடம் ஒரு போட்டிக்குச் சராசரி 21 தடவை பந்து கொடுக்கப்பட்டது, மக்கோயிடம் 14 அல்லது 15 தடவை. யாருக்கு எவ்வளவு வேலை தரப்பட்டது என்ற நிரல் இல்லாமல் சராசரியை மட்டும் அச்சிட்டால், முழுச் சுமையையும் தாங்கியவர் சோம்பியவர் போலத் தெரிவார். எனவே மொத்தம், போட்டிக்கு எவ்வளவு, வாய்ப்புக்கு எவ்வளவு என்று மூன்று நிரல் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவேண்டும்.

அடுத்து, ஒரே வேலையின் மறுபக்கத்தையும் சேருங்கள். ஓட்டக்காரர் எறிபந்தைப் பிடித்தும் முன்னேறுவார். மக்கோய் அப்படிச் சேர்த்தது 3,898 யார், டோர்செற் 3,554, மார்ட்டின் 3,329. கூட்டினால் மார்ட்டின் 17,430, டோர்செற் 16,293, மக்கோய் சரியாக 15,000. வரிசை மாறவில்லை, இடைவெளி குறைந்துவிட்டது. ஒரே எண்ணை நம்பி "பெரிய வித்தியாசம்" என்று எழுதுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யவேண்டும்.

உச்சத்தை அளக்க ஒவ்வொருவரின் மிகச் சிறந்த பருவகாலத்தை எடுங்கள். டோர்செற் 1981 இல் 1,646 யார், மார்ட்டின் 2004 இல் 1,697, மக்கோய் 2013 இல் 1,607. மூன்றும் 16 போட்டிகள் கொண்ட பருவகாலங்கள், எண்களும் கிட்டத்தட்ட ஒன்றே. இந்த இடத்தில் எண்ணை விட்டுவிட்டு, அந்த வருடம் முழு லீக்கிலும் எத்தனையாம் இடம் என்று கேளுங்கள். மார்ட்டினும் மக்கோயும் முதலிடம், டோர்செற் இரண்டாமிடம். காலம் மாறினாலும் இடம் பேசும் என்பதால், உச்சத்துக்கான பட்டியலில் இந்த நிரலுக்கே நாங்கள் கூடிய மதிப்புக் கொடுப்போம்.

பருவகாலத்தின் நீளமும் மாறும். என்எப்எல்லில் 1977 வரை 14 போட்டிகள், 1978 முதல் 16, 2021 முதல் 17. வேலைநிறுத்தத்தால் 1982 இல் 9 போட்டிகளும் 1987 இல் 15 போட்டிகளும்தான் நடந்தன. டோர்செற்றின் காலத்துக்குள் இந்தக் குறைந்த வருடங்கள் மூன்றும் விழுகின்றன. அவை அவருடைய குறை அல்ல.

பதிவு தொடங்கிய ஆண்டைப் பார்க்காமல் விடுவதுதான் அதிகம் பேர் விடும் பிழை. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். எதிரணியின் குவார்ட்டர்பேக்கைப் பந்துடன் பின்னால் வீழ்த்துவதைச் 'சாக்' என்பார்கள். அது உத்தியோகபூர்வமாக எண்ணப்படுவது 1982 முதல். பிற்ஸ்பேர்க்கின் றிக்கி ஜக்சன் 1981 இல் தொழில்முறைக்கு வந்தவர். உத்தியோகபூர்வக் கணக்கில் அவருக்கு 128, முதல் வருடத்தையும் சேர்த்தால் 136. அவர் ஆடியது 227 போட்டிகள். 128 ஐ 227 ஆல் பிரித்தால் 0.56 வரும், அது தவறு. மேலே இல்லாத வருடத்தின் 16 போட்டிகளைக் கீழேயும் கழிக்கவேண்டும், அப்போது 211 போட்டிக்கு 128, அதாவது 0.61. அதே பல்கலைக்கழகத்தின் கிறிஸ் டோல்மன் 232 போட்டியில் 150.5, போட்டிக்கு 0.65. ஆரன் டொனால்ட் 154 போட்டியில் 111, போட்டிக்கு 0.72. டொனால்ட் ஆடியது வரிசையின் நடுவில், மற்ற இருவரும் ஓரத்தில் இருந்து பாய்பவர்கள். நடுவில் நிற்பவருக்குச் சாக் கிடைப்பது கடினம், எனவே இந்த 0.72 இன் எடை அந்த எண் காட்டுவதைவிடக் கூட.

சம்பியன் பட்டங்களைத் தனி நிரலில் வையுங்கள், புள்ளி கொடுக்காதீர்கள். மக்கோயிடம் இரண்டு சம்பியன் மோதிரங்கள் உண்டு. 2019 பருவகாலத்தின் இறுதிப் போட்டியில் அவர் களத்தில் இறங்கவேயில்லை. 2020 இல் முழுப் பருவகாலத்திலும் ஓடியது 10 தடவை, 31 யார். மார்ட்டினிடம் ஒரு மோதிரமும் இல்லை. பிற்ஸ்பேர்க்கின் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் டான் மரீனோவிடமும் இல்லை. பட்டம் அணிக்குரியது.

எண்ணே இல்லாத இடங்களும் உண்டு. மரீனோவுடன் ஒன்றாக 1983 இல் என்எப்எல்லுக்குத் தெரிவான ஜிம் கோவேர்ட் முன்வரிசையில் நின்று தடுப்பவர். அவருக்கு யார் கணக்கும் இல்லை, சாக் கணக்கும் இல்லை. இப்படியானவர்களுக்கு முதல் பதினொருவரில் இறங்கிய போட்டிகள், அந்த வருட லீக்கின் சிறந்த அணியில் தெரிவான தடவைகள், புகழ் மண்டபத்தில் சேர்ந்த ஆண்டு என்ற மூன்றையும் பாருங்கள் (கோவேர்ட் 2020 இல் சேர்க்கப்பட்டார்). எல்லா இடத்து வீரர்களையும் ஒரே எண்ணில் அளக்க டக் டிரினன் உருவாக்கிய 'அண்ணளவு மதிப்பு' என்ற அளவு புரோ ஃபுட்போல் ரெபரன்ஸ் தளத்தில் இருக்கிறது. அது பெயரிலேயே அண்ணளவு. வீரர்களைக் குழுக்களாகப் பிரிக்க உதவும், ஓரிரு புள்ளியை வைத்து ஒருவரை மற்றவருக்கு மேலே ஏற்ற உதவாது.

இனி நம்மூர்த் தாள்.

முதல் சட்டம், யார் நம் பழைய மாணவர்? அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் உண்டு. குவார்ட்டர்பேக் ஜோ பரோ ஒஹாயோ ஸ்டேற் பல்கலைக்கழகத்தில் தொடங்கி லூசியானா ஸ்டேற் பல்கலைக்கழகத்துக்கு மாறி, அங்கிருந்து 2020 இல் என்எப்எல் அணிகள் புது வீரர்களை எடுக்கும் தெரிவில் முதல் ஆளாகப் போனார். வன்னியில் பிள்ளைகள் பாடசாலை மாறியதற்குக் காரணம் வேறு. 2008 இலும் 2009 இலும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளே இடம்பெயர்ந்தன. செட்டிகுளம் முகாம்களில் இருந்து படித்து, பிறகு வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ சேர்ந்து ஆடியவர்கள் பலர். எங்கள் பரிந்துரை இது: பாடசாலை அணியில் இரண்டு முழு வருடம் ஆடியிருக்கவேண்டும், இடம்பெயர்வு வருடங்களில் படித்தவருக்கு ஒரு வருடம் போதும். இரண்டு பாடசாலையும் உரிமை கோரினால் இரண்டிலும் எழுதலாம், பக்கத்தில் வருடங்களைக் குறித்தால் சரி. இந்தச் சட்டத்தைப் பெயர்கள் சேர்வதற்கு முன்பே கூட்டத்தில் நிறைவேற்றுங்கள். பெயர் வந்தபின் சட்டம் போட்டால் அது ஆளுக்கேற்ற சட்டமாகிவிடும்.

ஆவணங்களை இந்த ஒழுங்கில் தேடுங்கள்: வீரரின் சான்றிதழ்கள், கழகச் செயலாளரின் பதிவுப் புத்தகம், மாவட்ட லீக்கின் போட்டித் தாள்கள், பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தரின் கோப்பு, பழைய பத்திரிகைகள். போரில் பலரின் சான்றிதழ்கள் அழிந்தன. அதனால் ஒரு தகவலுக்கு எழுத்துச் சான்று இல்லையென்றால், வேறு அணிகளில் ஆடிய இருவரின் வாக்கை ஏற்றுக்கொள்ளுங்கள், நிரலில் "வாய்மொழி" என்று குறியுங்கள். ஒரே அணியின் இருவர் சொன்னால் அது ஒருவர் சொன்னதற்குச் சமம்.

பெயர்க் குழப்பம் பெரிய தொல்லை. ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் உள்ள இருவர் ஒரே கிராமத்தில் இருப்பார்கள், கொழும்புத் தாள்களில் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு தடவையும் மாறும். தந்தையின் முழுப் பெயரையும் பிறந்த ஆண்டையும் எழுதிக்கொண்டால் பெரும்பாலும் தீரும். பழைய 9 இலக்க அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கமும், புதிய 12 இலக்கத்தின் முதல் நான்கும் பிறந்த ஆண்டைக் காட்டும். சரிபார்க்க மட்டும் பாருங்கள், இலக்கத்தைத் தாளில் ஏற்றவோ அச்சிடவோ கூடாது.

கோல்களைப் பிரிக்காமல் கூட்டுவதே மிக அதிகம் நடக்கும் பிழை. அணிக்கு 7 பேர், 9 பேர் ஆடும் சுற்றுகளின் கோல்கள் தனி நிரலுக்குப் போகவேண்டும்: மைதானம் சிறியது, நேரம் குறைவு, ஒரே நாளில் மூன்று நான்கு போட்டி நடக்கும். 11 பேர் போட்டியிலும் தண்ட உதைக் கோல்களுக்குத் தனி நிரல் வேண்டும். சமநிலை தவிர்ப்பு உதையில் போட்டது கோல் கணக்கில் சேராது. உள்ளூர்க் கோப்புகளில் அவை எப்போதும் சேர்ந்தே இருக்கும், தேடிக் கழியுங்கள்.

பிறகு, போட்டிகளை எண்ணுவதைவிட நிமிடங்களை எண்ணுவது மேல். கோலை 90 ஆல் பெருக்கி ஆடிய நிமிடங்களால் பிரியுங்கள். 1,800 நிமிடத்தில் 24 கோல் போட்டவருக்கு 1.2, 2,700 நிமிடத்தில் 30 போட்டவருக்கு 1.0. 900 நிமிடத்துக்குக் குறைவாக ஆடியவரை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள், ஒரு நல்ல நாள் எல்லாவற்றையும் புரட்டிவிடும். நிமிடம் கிடைக்காத பழைய போட்டிகளில் முதல் பதினொருவரில் இறங்கினால் 90, மாற்று வீரராக இறங்கினால் 20 என்று எடுங்கள், அப்படி எடுத்ததை நட்சத்திரக் குறியிட்டுச் சொல்லுங்கள். கோல் காப்பாளரைத் தனியாக மதிப்பிடாமல், அதே அணியில் அதே வருடம் நின்ற மற்றக் காப்பாளருடன் ஒப்பிடுங்கள்.

மட்டங்களுக்குப் புள்ளி போடாதீர்கள், படிகளாகப் பிரியுங்கள்: தேசிய அணி, நாட்டின் உச்ச லீக், அதன் கீழ்ப் பிரிவு, மாவட்ட லீக். உச்ச லீக் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். 2021 இல் சுப்பர் லீக் தொடங்கும்வரை சம்பியன்ஸ் லீக்கே அந்த இடத்தில் இருந்தது. பொலிஸ் போன்ற நிறுவன அணியில் ஆடியவரை, அந்த அணி அந்த வருடம் எந்த லீக்கில் இருந்ததோ அந்தப் படியில் வையுங்கள். புலம்பெயர்ந்து சுவிற்சர்லாந்திலோ கனடாவிலோ ஆடியவருக்கு நாடும் பிரிவும் குறித்துத் தனிப் படி. கோடைவிழாச் சுற்றுகள் அந்தப் படியில் சேராது.

வெற்றுக் கட்டமும் பூச்சியமும் ஒன்றல்ல. போட்டி நடக்காத வருடத்தில் 0 என்று போட்டால் கணினி அதையும் சராசரியில் சேர்த்து வீரரைக் கீழே இழுக்கும், வெறுமையாக விட்டால் சேர்க்காது. போர்க்கால வருடங்கள், 2020 இன் கொரோனா முடக்கம் இரண்டுக்கும் கட்டத்தை வெறுமையாக விட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். தேசிய அணி நிரலில் 2023 ஜனவரி தொடக்கம் ஓகஸ்ட் வரை இலங்கையை ஃபிஃபா இடைநிறுத்தி வைத்திருந்த மாதங்களும் அப்படியே.

பத்தொன்பது, இருபது வயதில் ஆட்டம் நின்றுபோனவர்கள் வன்னியின் ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்கிறார்கள். காயம், காணாமற்போதல், மரணம், குடும்பச் சுமை எனக் காரணங்கள் பல. இவர்களை மொத்த எண்ணிக்கைப் பட்டியலில் போட்டுக் கடைசியில் நிறுத்துவது அநியாயம். பாடசாலைக் காலத்து உச்சத்துக்கென்று தனிப் பட்டியல் போடுங்கள், மாகாண, தேசிய மட்டப் பாடசாலைப் போட்டிகளின் பெறுபேறு மட்டும் அதில் இருக்கட்டும். ஏன் நின்றது என்பதைக் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் ஒரு சொல்லும் அச்சிடக்கூடாது.

இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு "இன்றுவரை" என்று திகதியுடன் தனிப் பகுதி ஒதுக்குங்கள். ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் மூலத்தாளுடன் உரத்து வாசித்து ஒப்பிடவேண்டும், அதே ஆள் இரண்டு தடவை பார்த்தால் அதே பிழை தப்பிவிடும். முதற்பிரதியைப் பாடசாலை அறிவித்தல் பலகையிலும் கழகங்களிலும் ஒட்டி, திருத்தம் சொல்ல இரண்டு மாதம் கொடுங்கள். திருத்தம் எழுத்தில், சான்றுடன் வரவேண்டும், ஏற்காத திருத்தத்துக்கும் காரணத்தை எழுதிக் கோப்பில் வையுங்கள். அடுத்த குழுவுக்கு அந்தக் கோப்பு தேவைப்படும்.