22ஆர் எஞ்சினில் செயின் சத்தமா? ஹெட்டில் கை வைக்கும் முன் டைமிங் கவரைப் பாருங்கள்

டொயோட்டாவின் 22ஆர், 22ஆர்-ஈ எஞ்சின்கள் (2,366 சி.சி., நாலு சிலிண்டர்) பழைய ஹைலக்ஸ், 4ரன்னர், செலிகா வண்டிகளில் வந்தவை. 1983 வாக்கில், கிராங்க்ஷாஃப்டிலிருந்து கேம்ஷாஃப்டைச் சுழற்றும் இரட்டை வரிசை டைமிங் செயினை எடுத்துவிட்டு, ஒற்றை வரிசைச் செயினும், அதை ஆடாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் கைடும் போட்டார்கள். இந்த எஞ்சினின் பலவீனமே அங்கேதான்.

பக்கத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அமெரிக்கக் கையேடுகளில் ‘டிரைவர் பக்க கைடு’ என்று இருக்கும். வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் அது எதிர்ப்பக்கம். வண்டிக்கு முன்னால் நின்று எஞ்சினைப் பார்த்தால் உங்கள் வலது கைப் பக்கம் நேராக நிற்கும் கைடுதான் முதலில் உடைவது. இடது கைப் பக்கம் வளைந்த கைடும், அதைத் தள்ளிச் செயினை இறுக்கமாக வைக்கும் டென்ஷனரும் இருக்கும்.

டென்ஷனர் வேலை செய்வது ஆயில் பிரஷரில். பின்வாங்காமல் பிடிக்கும் பல் பூட்டு (ராட்செட்) கிடையாது. ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது, பிரஷர் ஏறும்வரை செயின் தளர்ந்து, வருஷக்கணக்கான சூட்டில் மொறுமொறுப்பாகிவிட்ட பிளாஸ்டிக்கை அடிக்கும். ஆயில் மாற்றத் தாமதிப்பதும், எஞ்சின் நின்றதும் ஆயிலை வடியவிடும் மட்டமான ஃபில்டரும் கைடின் சாவைச் சீக்கிரம் வரவழைக்கும்.

முதலில் சத்தம். ஸ்டார்ட் ஆனதும் இரண்டு மூன்று விநாடி கரகரத்து அடங்கினால் கைடு இன்னும் உயிரோடு இருக்கலாம். சந்தேகம் டென்ஷனர், ஃபில்டர், செயின் நீட்சி மேல். எஞ்சின் சூடேறிய பிறகும், குறிப்பாக ஆக்சிலரேட்டரை விட்டு ஆர்.பி.எம். இறங்கும்போது கரகரத்தால் கைடு உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். டாப்பெட் (வால்வு) சத்தத்தோடு குழப்பாமல் இருக்க, சூடான எஞ்சினில் இன்டேக் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. என்று வால்வு இடைவெளி (கிளியரன்ஸ்) வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியை, எஞ்சினின் முன்பக்கம் செயினை மூடியிருக்கும் டைமிங் கவரின் இரு பக்கமும் மாற்றி மாற்றி வையுங்கள். ஃபேனிலிருந்து கையும் துணியும் தள்ளியே இருக்கட்டும்.

அடுத்து, ஸ்பார்க் விழும் நேரத்தில் மின்னிக் குறியைக் காட்டும் டைமிங் லைட். இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது கேம்ஷாஃப்ட். டைமிங் குறி இருப்பதோ கிராங்க் புல்லியில். அதனால் நடுவில் இருக்கும் செயினின் தளர்வு அப்படியே குறியில் தெரியும். 22ஆர்-ஈ-யில் டயக்னாஸ்டிக் பெட்டியில் டி.ஈ.1, ஈ.1 என்ற இரண்டு முனைகளையும் இணைத்தால் ஐடிலில் குறி 5 டிகிரியில் நிற்க வேண்டும். குறி ஆடினால் செயினைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன் ரோட்டரை அசைத்துப் பாருங்கள்: தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டர் புஷ்ஷும் இதே ஆட்டத்தைக் காட்டும்.

தீர்ப்பு சொல்வது டாப்பெட் கவரைக் கழற்றிப் பார்ப்பதுதான். முன்பக்கம் கேம் ஸ்ப்ராக்கெட்டுக்குக் கீழே டார்ச் அடித்துச் சின்னக் கண்ணாடியை இறக்குங்கள். கைடு காணவில்லையா, பாதியில் முறிந்து போல்ட்டில் தொங்குகிறதா என்பது அங்கேயே தெரியும். முதல் சிலிண்டரை கம்ப்ரஷன் டி.டி.சி.யில் (கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலை) வைத்தால், ஸ்ப்ராக்கெட்டைக் கேமில் பொருத்தும் டவல் பின் உச்சியில் நிற்க வேண்டும். உங்கள் இடது பக்கம் சரிந்திருந்தால் செயின் நீண்டிருக்கிறது, அல்லது பல் தாண்டியிருக்கிறது.

அதோடு விடாதீர்கள். கைடு போன பிறகு செயின் அலுமினிய டைமிங் கவரின் உள்சுவரை அறுக்கும். அந்தச் சுவருக்கு அப்பால் கூலன்ட் பாதை. ஓட்டை விழுந்தால் கூலன்ட் நேரே ஆயிலில் கலக்கும், ஆயில் பால் டீ நிறத்துக்கு வரும், பேரிங் சாகும். பலரும் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்பு) போய்விட்டது என்று எண்ணி ஹெட்டைப் பிரித்துப் புது கேஸ்கெட் போட்டு மூடுகிறார்கள். கூலன்ட் மறுபடி இறங்கும்.

பிரித்தறிய வழி உண்டு. வண்டியை ஒரு ராத்திரி அசையாமல் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யாமலே சம்ப் பிளக்கை (ஆயில் தொட்டியின் அடிப் போல்ட்) மெதுவாகத் தளர்த்துங்கள். கூலன்ட் கனம் கூடியது. இருந்தால் முதலில் அதுதான் வரும். பிறகு ரேடியேட்டரில் கையால் அடிக்கும் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதிய அளவுக்குமேல் போகாமல் (பெரும்பாலும் 0.9 பார்) அழுத்தம் கொடுங்கள். வெளியே எங்கும் கசியாமல் முள் இறங்கி, எல்லா ஸ்பார்க் பிளக்கும் காய்ந்திருந்தால் டைமிங் கவர்தான் முதல் சந்தேகம். கம்ப்ரஷனும் சமமாக இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் வெள்ளைக் களிம்பு இருந்தால் பயப்பட வேண்டாம், குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரத்தால் அப்படி வரும்.

வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டினால் கருப்பு பிளாஸ்டிக் துண்டு சிக்கலாம். மினுமினுக்கும் தூளில் காந்தம் வையுங்கள்; ஒட்டாவிட்டால் அது அலுமினியமாக இருக்கலாம், அதாவது கவர் அறுபடுகிறது. இந்த நிலையில் எஞ்சினை ஓட்டவே கூடாது.

உடைந்தது உறுதியானால் கைடை மட்டும் மாற்றுவது வீண் வேலை. செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட், டென்ஷனர், கைடுகள் எல்லாம் சேர்த்துப் போடுங்கள்; நேர் கைடு ஸ்டீல் முதுகு வைத்ததாக இருக்கட்டும். கவரின் உள்சுவரில் நகம் மாட்டும் பள்ளம் இருந்தால் கவரையும் மாற்றுவது நல்லது. எபாக்ஸி பூசுவதெல்லாம் வீடு போய்ச் சேரும்வரைதான். சம்பை இறக்கி, ஆயில் உறிஞ்சும் வலையான ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்யாமல் மூடாதீர்கள், மிச்சத் துண்டுகள் அங்கேதான் அடைக்கும்.

கவர் வராமல் அடம்பிடித்தால் நெம்பாதீர்கள். கேம் ஸ்ப்ராக்கெட்டுக்குக் கீழே, ஹெட்டில் தேங்கிய ஆயிலுக்கு அடியில் ஒரு போல்ட் மேலிருந்து கவருக்குள் இறங்குகிறது. ஆயிலைத் துணியால் உறிஞ்சினால் அதன் தலை தெரியும்.