8 ட்ரிக் கையில இருக்கு, ஒன்பதாவது எங்கேர்ந்து வரும்?

பிரிட்ஜ் சீட்டாட்டத்துல டம்மி (கார்டை எல்லாரும் பார்க்க மேசைல விரிச்சு வைக்கற உங்க பார்ட்னர்) கார்டை விரிச்ச உடனே சட்டுனு ஒண்ணை எடுத்து போட்டுடாதீங்க. நோ ட்ரம்ப் (துருப்பு சூட் இல்லாத) கான்ட்ராக்ட்னா, அதாவது இத்தனை ட்ரிக் எடுப்பேன்னு ஒத்துக்கிட்ட ஆட்டம்னா, முதல்ல உறுதியா வர்ற ட்ரிக்கை (நாலு பேரும் ஆளுக்கு ஒரு கார்டு போட்டு ஜெயிக்கற ஒரு சுத்து) எண்ணுங்க, மிச்சம் எத்தனை வேணும்னு பாருங்க, அது எங்கெங்கேர்ந்து வரலாம்னு யோசிச்சு முடிச்சுட்டு அப்புறம் கார்டை தொடுங்க.

ஒரு கை பார்க்கலாம், நீங்க தெற்கு, 3 நோ ட்ரம்ப், அதாவது 13-ல 9 ட்ரிக் எடுக்கணும்.

டம்மி: ஸ்பேட் 8 6 4 2, ஹார்ட் 9 6 5, டைமண்ட் ஏஸ் கிங் 6 3, கிளப் கிங் 2.
நீங்க: ஸ்பேட் ஏஸ் குயின் 3, ஹார்ட் ஏஸ் 8 3, டைமண்ட் குயின் 7 2, கிளப் ஏஸ் குயின் 5 4.

மேற்கு ஹார்ட் கிங் லீடு (சுத்தை ஆரம்பிக்கற முதல் கார்டு). ரெண்டு தடவை விட்டுக்கொடுத்துட்டு மூணாவதுல ஏஸ் போடறீங்க, அப்போ கிழக்கு வேற சூட் போட்டுட்டார், அதாவது ஹார்ட் 5-2 (மேற்குகிட்ட 5, கிழக்குகிட்ட 2). மேற்கு கையில இன்னும் ரெண்டு ஹார்ட் ரெடியா காத்துட்டு இருக்கு.

உறுதியான ட்ரிக் ஸ்பேட் 1, ஹார்ட் 1, டைமண்ட் 3, கிளப் 3, மொத்தம் 8. ஒன்பதாவதுக்கு ரெண்டு வழி தெரியுது. ஒண்ணு டைமண்ட் 3-3 பிரிஞ்சா டம்மியோட நாலாவது டைமண்ட் ட்ரிக் ஆகும், இன்னொண்ணு ஸ்பேட் ஃபினெஸ், அதாவது டம்மிலேர்ந்து சின்ன ஸ்பேட் போட்டு, கிழக்கு கிங் போடலன்னா கையிலேர்ந்து குயினை போடறது, கிங் கிழக்குல இருந்தா குயின் ஜெயிக்கும்.

வெளிய 6 கார்டு இருந்தா 3-3 பிரியறது 36% தான், 4-2 தான் அதிகம், 48%. ஃபினெஸ் 50%. இங்க நிறைய பேர் பண்ற தப்பு என்னன்னா 50 பெருசு 36 சின்னதுன்னு பார்த்து நேரா ஃபினெஸ்க்கு போயிடறது, கிங் மேற்குல இருந்தா ஏற்கனவே போன ரெண்டு ஹார்ட், இந்த கிங், மிச்ச ரெண்டு ஹார்ட், மொத்தம் அஞ்சு போச்சு, ஒரு டவுன் (ஒரு ட்ரிக் குறைஞ்சு தோல்வி), டைமண்ட் 3-3 ஆவே இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

இதுல எது பெரிய சான்ஸ்னு கேக்கவே வேண்டாங்க. எது தோத்தாலும் லீடு நம்மகிட்டயே இருக்கும்னு கேளுங்க, அதை முதல்ல ஆடுங்க. டைமண்ட் மூணு ரவுண்ட் ஆடிப் பார்த்து பிரியலன்னாலும் லீடு நம்மகிட்டதான், அப்புறம் ஃபினெஸ் எடுக்கலாம். 36-உம், மீதி 64-ல பாதி 32-உம் சேர்த்தா 68%. ரெண்டுல ஒண்ணை தேர்ந்தெடுக்கறதை விட ரெண்டையும் வரிசையா வைக்கறது எவ்ளோ லாபம்னு பாருங்க!

ஆனா ஆடற வரிசையும் முக்கியம். டைமண்ட்ல முதல்ல கையில இருக்கற குயின், அப்புறம்தான் ஏஸ், கிங். அப்போதான் மூணாவது ரவுண்ட் முடியும்போது டம்மில இருப்பீங்க, பிரிஞ்சிருந்தா 6-ஐ அங்கயே எடுக்கலாம், பிரியலன்னா அங்கேர்ந்தே ஸ்பேட் போட்டு குயினுக்கு ஃபினெஸ் பண்ணலாம். ஏஸ், கிங்கை முதல்ல எடுத்துட்டு குயின்ல முடிச்சா கையில மாட்டிப்பீங்க, டம்மிக்கு போக கிளப் கிங் ஒண்ணுதான் மிச்சம், அதையும் செலவு பண்ணணும்.

இன்னொரு விஷயம், எனக்கு இந்த ஆட்டத்துல ரொம்ப பிடிச்சதே இதான். டைமண்ட் ஆடும்போது யார் எத்தனை போட்டாங்கன்னு கவனிச்சா ஸ்பேட் கிங் எங்க இருக்கும்னு கொஞ்சம் தெரிய ஆரம்பிக்கும். மேற்குக்கு ஹார்ட் 5, டைமண்ட் 4 னு தெரிஞ்சா ஸ்பேட், கிளப்புக்கு அவர்கிட்ட நாலே இடம்தான், கிழக்குக்கு 2, 2 போக 9 இடம், அதனால கிங் கிழக்குல இருக்க 13-ல 9 சான்ஸ், கிட்டத்தட்ட 69%. டைமண்ட் நாலும் கிழக்குலயே இருந்தா மேற்குல 6 இடம், கிழக்குல 7, அப்போ 54% தான், ஆனா அப்பவும் ஃபினெஸ் தான் சரி.